முழங்கைக்குக் கீழே

கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு அறுபது எண்ண வேண்டும். பெல்ட்டுக்காரர் நாற்பத்து மூன்றில் இருந்தபோது மனைவியின் மூச்சு நின்றது. நின்றது அவருக்குத் தெரிந்தது. நாற்பத்து நான்கு என்றார். நாற்பத்து ஐந்து என்றார். பாதியில் விரலை எடுத்தால் அவள் கைத்தோலில் வைத்த ஒட்டின் ஓரம் தூக்கிக்கொள்ளும். மறுபடி ஸ்பிரிட் போட்டுத் துடைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் வாய்க்கு வந்தபடி ஏசுவாள். அறுபதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அடுத்த வேலை கையை மாட்டுவது. சாம்பல் நிறக் குழலுக்குள் அவளுடைய வலது கையின் மிச்சத்தை நுழைத்தார். பட்டியை இழுத்து இறுக்கினார். பொத்தானை அமுக்கினார். மணிக்கட்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஐந்து விரல்களும் ஒரு தரம் விரிந்து பார்த்துவிட்டுப் பாதி மடங்கி நின்றன. மூலையில் ஆக்ஸிஜன் மெஷின் யாருக்கு என்று கேட்காமல் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. சன்னலில் பத்து மணி வெயில்.

வெந்நீர்ப் பாத்திரத்தோடு உள்ளே வந்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா."

"தெரியும். எழுந்ததுமே கையை மாட்டுய்யான்னு கேட்டா. நான்தான் டீயைக் குடிச்சிட்டு வரேன்னு போயிட்டேன்."

மெஷினை அணைக்கச் சொன்னார். அது நின்ற பிறகுதான் தெருவில் லாரி போகிற சத்தம் வீட்டுக்குள் வந்தது. மகள் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அம்மாவின் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் சரக்குக் கிடங்கில் மூட்டை அடுக்குகிறவள்தான். சத்தம் போட்டு அழுகிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் கல் உடைக்கிற ஆலையில் பாடுபட்டவர்கள். அவர் பெல்ட் ஓட்டினார். பெல்ட்டுக்காரர் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வீட்டுக்கு வருகிற கடிதத்தில் சொந்தப் பெயரைப் பார்த்தால் அவரே ஒரு நொடி யோசிப்பார். அவள் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற சரளையை அள்ளி மேலே போடுகிறவள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மதியம், உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் அவளுடைய சட்டைக் கை மாட்டியது. சுவிட்ச் இவர் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எட்டினார், அணைத்தார். அணைத்த பிறகும் பெல்ட் மூன்றடி ஓடித்தான் நிற்கும். அந்த மூன்றடியில் எல்லாம் முடிந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே நாலு விரல்கடை மிஞ்சியது.

ஆலையில் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் சட்டை போய்விட்டதா என்று கேட்டாள், அது புதுச் சட்டை. அதற்குப் பிறகு அந்த மதியத்தைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. ஒரு நாளாவது நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. மூன்றடி, மூன்றடி என்று மனசுக்குள் உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.

கை வந்து நாலு வருஷம் ஆகிறது. செயற்கைக் கை செய்கிற பட்டறை ஒன்று, புதுசாகச் செய்த கையைப் போட்டுப் பார்க்க ஆள் தேடியது. இவளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இவளுடைய தோல். கல் தூசியிலும் வெயிலிலும் காய்ந்து, தடித்து, செருப்புக்கு ஆகும் போல இருந்த தோல். இதில் வேலை செய்தால் உலகத்தில் யார் தோலிலும் வேலை செய்யும் என்று பட்டறைக்காரர்கள் சொன்னார்களாம். "இத்தனை வருஷத்துல இந்தத் தோலுக்கு இப்பத்தான் மரியாதை கிடைச்சிருக்கு" என்றாள் அவள்.

சூட்சுமமெல்லாம் ஒட்டில் இருந்தது. கொப்புளம் உடைந்தால் உரிந்து வருமே, அதைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு படலம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். உள்ளே முடியைவிட மெல்லிய கம்பிகள் வளைந்து வளைந்து ஓடும். சதை அடியில் துடிப்பதை அது தோலுக்கு மேலே இருந்தபடியே கேட்டு, மெஷின் கைக்குச் சொல்லும். பட்டறைக் காகிதத்தில் அதற்கு மென்மின்முனை என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்ல முயன்று அவளுக்கு வாய் சுளுக்கியது. வீட்டில் ஒட்டு என்றார்கள். அதைச் செய்கிற பெண்ணை ஒட்டுப் பொண்ணு என்றார்கள். உள்ளங்கை அகலம் இருக்கிற ஒட்டுக்கு ஒரு வால் உண்டு. கையை மாட்டிய பிறகும் அந்த வால் குழலுக்கு வெளியே, முழங்கை மடிப்பு வரை நீண்டிருக்கும். வேர்த்தால் முதலில் தூக்கிக்கொள்வது அந்த வால்தான்.

பட்டறையில் முதல் நாள் கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். இல்லாத கையை மூடுங்கள், இல்லாத கையைத் திறங்கள் என்று ஒட்டுப் பொண்ணு சொல்லச் சொல்ல, அவள் நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாள். பெல்ட்டுக்காரர் பக்கத்தில் மண்டி போட்டு, ஒட்டு கழன்றுவிடக் கூடாதே என்று வாலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். சாயங்காலம் அந்தக் கை ஒரு கிளாஸைப் பிடித்துத் தூக்கியது. அவள் கிளாஸையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "பரவால்ல, இது உன்ன மாதிரி இல்ல, சொன்ன பேச்சு கேக்குது" என்றாள்.

அன்றிலிருந்து அதுவே அவர் உத்தியோகம். காலையில் சவரம், ஸ்பிரிட், ஒட்டு, அறுபது. அதோடு முடியாது. அவர் வாலை அழுத்திப் பிடித்தால் கை சமர்த்தாக இருக்கும், விட்டால் சண்டித்தனம் செய்யும். ஒரு நாளைக்குப் பத்துத் தரமாவது அவள் குரல் கொடுப்பாள். "யோவ், தளர்ந்துபோச்சு, வந்து அழுத்து." அவர் ஓடுவார். ஆலையில் அவளுடைய அண்ணன்தான் மேஸ்திரி. திரும்ப வேலைக்கு வா, பெல்ட் உன் கைக்குத்தான் படிந்து ஓடும் என்று அவரை மூன்று தரம் வந்து கூப்பிட்டுப் பார்த்தார். பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆம்பளையை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலியும் செய்தார். அவள் உள்ளேயிருந்து, "ஏண்ணே, அவர் போயிட்டா நீ வந்து புடிக்கிறியா" என்று கேட்டதும் போய்விட்டார்.

போன மாசம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நுரையீரலில் கல் தூசி இறுகிக் கிடக்கிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் ரெண்டு வருஷம் முன்பே சொன்னதுதான். ஒரு நாள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடி, போகும்போது என்னை ரெண்டு கையோடு அனுப்பு என்றாள். வரும்போது ரெண்டோடதானே வந்தேன், அங்கே ஒண்ணு எங்கேன்னு கேட்டா என்னத்தச் சொல்றது.

சரி என்றார் பெல்ட்டுக்காரர். போன கைக்காக அவள் அவரிடம் கேட்ட ஒரே விஷயம் அது. ஏழு வருஷமாகத் தலைமேல் கிடந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது போல இருந்தது அவருக்கு. பட்டறைக் காகிதத்தில், ஆள் இறந்தால் அன்றைக்கே கையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழே அவரே கையெழுத்துப் போட்டிருந்தார். அதை அவர் மறக்கவில்லை. நினைக்காமல் இருந்தார்.

மேஸ்திரி வந்தபோது மணி பதினொன்று. தங்கையின் தலைமாட்டில் கொஞ்ச நேரம் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் எல்லாக் காரியத்தையும் கையில் எடுத்துக்கொண்டார். வண்டிக்குப் போன், தகன மேடைக்குப் போன், ஆலைக்கு லீவு சொல்லி ஒரு போன். அவர் குரல் ஜல்லிச் சத்தத்துக்கு மேலே கேட்டுப் பழகிய குரல், மூணு வீடு தள்ளிக் கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா துவைத்த துணியும் வாளியுமாக உடம்பைத் துடைக்க வந்துவிட்டாள். அவள் போர்வையை விலக்கியதும் பச்சை விளக்கு தெரிந்தது.

இதைக் கழற்றவில்லையா என்று மேஸ்திரி கேட்டார். இது அப்படியே போகும் என்றார் பெல்ட்டுக்காரர். மேஸ்திரி பொறுமையாகத்தான் ஆரம்பித்தார். மின் அடுப்பு, உள்ளே பேட்டரி போனால் வெடிக்கும், அடுப்புக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். பேட்டரியை எடுத்துவிடலாம் என்றார் இவர். கையெழுத்துப் போட்டிருக்கிறாய், பட்டறைக்கு நான் வரும் வழியிலேயே சொல்லிவிட்டேன், ஆள் வந்துகொண்டிருக்கிறது என்றார் அவர். வரட்டும் என்றார் இவர்.

"மாப்ள, அது உன் கை இல்ல. பட்டறைக் கை."

"அவ கை."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தையல்காரம்மா துணியைப் பிழிவதை நிறுத்தினாள். நாலு வருஷம் சோறு தின்ன கை, தலை சீவின கை, என்னை அடித்த கை, அதை எப்படிப் பட்டறைக் கை என்று சொல்கிறீர்கள் என்று பெல்ட்டுக்காரர் கேட்டார். அடித்தது உண்மைதான். ஒருமுறை அவர் ஒட்டைக் கோணலாக ஒட்டியதற்கு முதுகில் ஒன்று வைத்தாள். இரும்புக் கம்பி வைத்த விரல்கள், ரெண்டு நாளைக்கு வலித்தது. நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஒட்டுப் பொண்ணு பட்டறை மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. கையில் ஒரு நீளமான அட்டைப் பெட்டி. அதை வாசலிலேயே, சுவர் மறைவில் வைத்துவிட்டு உள்ளே வந்து கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். எதையும் கேட்கவில்லை. மகள் தண்ணீர் கொடுத்தாள். அதை வாங்கிக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரிக்கு இந்த மௌனமெல்லாம் ஒத்துவராது. வண்டி வர அரைமணி நேரம்தான் இருக்கிறது, பேட்டரி எங்கே இருக்கிறது என்றாவது பார்ப்போம் என்று கட்டில் மேல் குனிந்தார். மணிக்கட்டு மூடியைத் தேடி, பாதி மடங்கிய விரல்களுக்குள் தன் இடது கையை விட்டார். அந்த அசைவில் முழங்கை மடிப்பில் ஒட்டின் வால் லேசாகத் தூக்கிக்கொண்டது.

பெல்ட்டுக்காரர் அதைப் பார்த்தார். நாலு வருஷப் பழக்கம், யோசிக்கிறதற்கு முன்னால் கட்டைவிரல் போய் அழுத்திவிட்டது.

கை மூடிக்கொண்டது. மேஸ்திரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மேஸ்திரி போட்ட சத்தத்தில் தையல்காரம்மா வாளியைத் தட்டிவிட்டாள். உசுரு இருக்கு, உசுரு இருக்கு என்று வாசலைப் பார்த்து ஓடினாள். தரையெல்லாம் தண்ணீர். மகள் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றாள். ஆலையில் வெடி வைக்கிற இடத்தில் அசையாமல் நிற்கிற மேஸ்திரி, பேயறைந்த முகத்தோடு தங்கச்சி, தங்கச்சி, விடும்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பெல்ட்டுக்காரர் விரலை எடுக்காமலே மனைவியின் நெஞ்சில் காதை வைத்தார். "இந்தா" என்றார். "இந்தா, இங்கதான் இருக்கேன்." சத்தம் கேட்டது. தொம் தொம் என்று கேட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னும் அழுத்திக் கேட்டார். அது தன் காதுக்குள் ஓடுகிற சொந்த ரத்தம் என்று புரிய எவ்வளவு நேரம் ஆனதோ, அதுவரை அவள் உயிரோடு இருந்தாள்.

ஒட்டுப் பொண்ணு அவர் தோளைத் தொட்டாள்.

"ஐயா, விரலை எடுங்க. அது அம்மா இல்ல. நீங்க."

அவருக்கு விளங்கவில்லை. விரலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டச் சொன்னாள். தட்டினார். கை விரிந்தது. மேஸ்திரி தன் கையை உருவிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தார். மறுபடி அழுத்துங்கள் என்றாள். அழுத்தினார். மூடியது. தட்டினார், விரிந்தது. ஓடிப்போன தையல்காரம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

அவள் மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் நாள் கைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தபோது ஐயா வாலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு ஊட்டும்போது தாய் தன் வாயையும் திறப்பது மாதிரி, அம்மா இல்லாத கையை மூட முயன்றபோதெல்லாம் ஐயாவும் கூடச் சேர்ந்து முக்கி விரலை அழுத்தினார். அம்மாவின் சதையோ நசுங்கி ஆறிய சதை, துடிப்பு ரொம்ப மெலிசு. ஐயாவின் விரல் பெல்ட் ஓட்டிய விரல். கை எது பலமாக இருந்ததோ அதைப் படித்துக்கொண்டது. மூடு என்றால் இந்த அழுத்தம், திற என்றால் அந்த விரல் தளர்ந்து ஒரு தட்டுத் தட்டுவது. "அன்னைக்குக் கவனிச்சிருக்கணும். எனக்கும் அது முதல் ஆளு. நான் அம்மா மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்."

"அப்ப நாலு வருஷமும் நான்தானா?" என்றார் பெல்ட்டுக்காரர். அவருடைய முகம் விழுந்துவிட்டது. மூன்றடியில் போன கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று இருந்தவர். அதுவும் பொய்க் கை, பொம்மலாட்டம்.

ஒட்டுப் பொண்ணு மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

"இல்லங்கய்யா. ரெண்டு வருஷம்தான்."

ரெண்டு வருஷம் முன்னால் ஒரு நாள் இவருக்குப் பல்வலி. பட்டறைக்கு மகள்தான் அம்மாவைக் கூட்டிப் போனாள். அங்கே கை எதையும் பிடிக்கவில்லை. கிளாஸ் விழுந்தது, சீப்பு விழுந்தது. ஒட்டுப் பொண்ணு பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தபோதுதான் ஒவ்வொன்றிலும் இன்னொரு ஆள் இருப்பது தெரிந்தது. யாரும் தொடாமல், அம்மாவுக்கு மட்டும் புதுசாகப் பாடம் வைத்தாள். ரெண்டு வருஷம் ஒட்டு ஒட்டிப் பழகிய சதை, அதற்குள் தேறியிருந்தது. அரைமணி நேரத்தில் கை அவள் சொன்னதைக் கேட்டது. தண்ணீர் ஊற்றியது. மகளின் செருப்பு வாரைக் கூடப் போட்டுவிட்டது.

"அம்மா சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்காம கிளாஸைக் கீழ வெச்சாங்க. அப்புறம் பழைய பாடமும் உள்ள இருக்கட்டும், மாத்திக்க ஒரு பொத்தான் வெச்சுக் குடுன்னாங்க."

"எதுக்கு?"

மகள்தான் சொன்னாள், அம்மாவின் குரலிலேயே சொன்னாள்.

"அந்தாளுக்குத் தெரிஞ்சா நாளைக்கே பெல்ட்டுக்குப் போயிடுவாரு. இந்த வீட்டுல ஒரு நெஞ்சுல கல்லு ஏறுனது போதும்."

பெல்ட்டுக்காரர் நனைந்த தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அது எந்த மாசம் என்று அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மேஸ்திரி மூன்றாவது தரம் வந்து கூப்பிட்ட சமயம். இவர் போவதாக மனசைத் தயார் செய்து, பூட்ஸுக்கு அடி தைத்து, யாரிடமும் சொல்லாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அந்த வாரம் பார்த்துத்தான் கை ரொம்பத் தகராறு செய்தது. ஸ்பூனைக் கூடப் பிடிக்க மாட்டேன் என்றது. அவள் தட்டைத் தள்ளிவிட்டு, நீ போ, நான் பட்டினி கிடக்கிறேன் என்று மூக்கால் அழுதாள். அதற்கு முன் அவள் அழுது அவர் பார்த்ததில்லை. பூட்ஸைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். அப்போது இருந்த வறட்டு இருமல் கொஞ்ச நாளில் தானாக நின்றுபோனது. பல்வலிக்குச் சாப்பிட்ட மருந்து கேட்டது என்று நினைத்துக்கொண்டார்.

இன்னும் என்னென்னவோ ஞாபகம் வந்தது. கடைக்குப் போய்த் திரும்பினால் துணி மடித்து வைத்திருக்கும். மகள் செய்திருப்பாள் என்று நினைத்திருக்கிறார். மருந்து பாட்டில் மூடி இறுக்கமாக மூடியிருக்கும். அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே ஏதோ டக்கென்று பொத்தான் அமுங்குகிற சத்தம். அப்புறம் அந்தக் குரல். யோவ், தளர்ந்துபோச்சு, வந்து அழுத்து.

எழுந்தார். மனைவியின் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"களவாணி" என்றார்.

போன ஆளைப் பார்த்து என்ன பேச்சு இது என்று தையல்காரம்மா முகத்தைச் சுளித்தாள். மேஸ்திரி வாசல்படியில் போய் உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் நாலு விரல் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அவர் இருமினார். அடித்தொண்டையில் இருந்து வருகிற, சளி இல்லாத, ஜல்லி உரசுவது போன்ற இருமல். உள்ளே இருந்த எல்லோரும் அது முடிகிற வரை காத்திருந்தார்கள்.

ஒட்டுப் பொண்ணு கிட்டே வந்து, யாருக்கும் கேட்காத குரலில் ஒன்று சொன்னாள். கை சரிபண்ண முடியாதபடி பழுதாகிவிட்டது என்று எழுதிக்கொடுத்துவிடுவேன், பேட்டரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் கையோடு அனுப்புங்கள் என்றாள். வெறும் பெட்டியோடு போவதற்குத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள்.

பெல்ட்டுக்காரர் மகளைப் பார்த்தார். கேட்டதை வாங்கி அனுப்பு என்று மகளின் கண் சொன்னது. இவ்வளவு நேரம் எதற்காக மல்லுக்கு நின்றாரோ அது கைக்கு வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

"வேற ஆளுக்கு இது வேலை செய்யுமா?"

செய்யும் என்றாள். புது ஒட்டு, புதுப் பாடம், அவ்வளவுதான்.

"யாராச்சும் இருக்காங்களா?"

"மரம் அறுக்கிற இடத்துல ஒருத்தர். வலது கை. எட்டு மாசமா காத்துக்கிட்டு இருக்காரு."

"கல்யாணம் ஆனவரா?"

ஒட்டுப் பொண்ணு தலையாட்டினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பட்டியைத் தளர்த்தி, தினமும் சாயங்காலம் செய்கிற மாதிரி, அவளுக்கு வலிக்காமல் இடதும் வலதுமாகத் திருப்பித் திருப்பிக் குழலை உருவினார். உள்ளே அவள் வேர்வை இருந்தது. தன் துண்டால் துடைத்தார்.

"அம்மா ரெண்டு கையோட போகணும்னு சொன்னாங்களேப்பா" என்றாள் மகள்.

"சொன்னா. நானும் சரின்னேன். ரெண்டு வருஷம் என்ன ஏமாத்துனாள்ல. நான் ஒரே ஒரு தரம் ஏமாத்திக்கிறேன்."

கையை ஒட்டுப் பொண்ணிடம் கொடுக்கும்போது, அந்த மரக்காரருக்குப் பாடம் வைக்கிற அன்றைக்கு அவர் வீட்டுக்காரியைப் பக்கத்தில் விடாதே, தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல் என்றார். அவள் சரி என்று பெட்டியில் வைத்து மூடி வாசலுக்குப் போனாள். பின்னாலேயே வந்து நிறுத்தினார்.

"தொட்டா தொட்டுட்டுப் போறா. விடு. அப்புறமா மாத்திக்கலாம்ல?"

"மாத்திக்கலாங்கய்யா."

அவள் திரும்ப உள்ளே வந்தது ஒட்டை உரிக்க. அதற்கென்று ஒரு எண்ணெய் வைத்திருந்தாள். பெல்ட்டுக்காரர் அதற்குள் கையின் மிச்சத்தைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். இதையும் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், எப்படியும் ஒரு வாரத்தில் தூக்கிப் போடுவதுதான் என்றாள்.

"அப்ப இருக்கட்டும்."

அவள் எண்ணெய்க் குப்பியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். தையல்காரம்மா சிந்தின தண்ணீரைத் துடைத்து, புதுசாக வாளியில் பிடித்து வந்து உடம்பைத் துடைத்தாள். வலது பக்கம் வந்தபோது ஈரம் படாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை.

வண்டியில் மேஸ்திரி முன்னால் உட்கார்ந்தார். பெல்ட்டுக்காரரும் மகளும் பின்னால், அவளோடு. பாலம் ஏறி இறங்கும்போது மேஸ்திரி திரும்பாமலே, போன வருஷம் டாக்டர் படம் எடுக்கச் சொன்னார், நான் போகவில்லை மாப்பிள்ளை என்றார். நாளைக்குப் போவோம், நான் வரேன் என்றார் பெல்ட்டுக்காரர்.

தகன மேடை ஒரு நீளமான கட்டடம். வெள்ளை ஓடு பதித்த சுவர், சக்கரம் வைத்த தகரத் தட்டு, ஒரு இரும்புக் கதவு. அடுப்புக்காரர் வயசானவர், புருவத்தில் முடி இல்லை. இறந்தவரின் வயசைக் கேட்டு எழுதிக்கொண்டார். நகை, கடிகாரம், நெஞ்சில் வைக்கிற மெஷின், கட்டுப்பல், பேட்டரி, ஒட்டவைத்த சாமான் ஏதாவது உடம்பில் இருக்கிறதா என்று தினமும் கேட்கிற குரலில் கேட்டார்.

மேஸ்திரி பெல்ட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார் பெல்ட்டுக்காரர்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பது போல அடுப்புக்காரர் தடித்த கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார். வெறுங்கையால் காது மடல்களைத் தடவினார். கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினார். இடது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் வலது பக்கம் வந்து சட்டைக் கையை மேலே ஏற்றினார். மகள் அப்பாவின் சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்புக்காரரின் விரல்கள் முழங்கை மடிப்பில் தொடங்கி, மெதுவாக, கை முடிகிற இடம் வரை போயின. திரும்பி ஒரு தரம் மேலே வந்து ஒட்டின் ஓரத்தில் நின்றன.

"எத்தனை வருஷம் ஆச்சு?"

"ஏழு."

"நல்லா ஆறியிருக்கு" என்றார் அடுப்புக்காரர்.

பெல்ட்டுக்காரர் சட்டைக் கையைக் கீழே இழுத்து, பொத்தானைப் போட்டுவிட்டார்.